கயிறு அறாது, சரி. அப்புறம்?

மரத்தில் கயிற்றால் தொங்கியபடி மான் வேட்டையாடும் சாடில் வேட்டைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கயிற்றில் வந்து நிற்கும். எத்தனை மில்லிமீட்டர், எத்தனை பவுண்டு தாங்கும், பையில் எத்தனை அவுன்ஸ் ஏறும். ஒருவர் 8 மில்லிமீட்டர் கயிற்றை உருவிக் காட்டி, இதில் காரையே தொங்கவிடலாம் என்பார். இன்னொருவர் 11-க்குக் கீழே தொடவே மாட்டேன் என்பார். மிச்சிகனில் எனக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்ட நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஏதோ நெருடுகிறது. வருடக்கணக்கில் வெயிலிலும் பனியிலும் காட்டிலேயே விட்டுவைத்த ஸ்டாண்டின், அதாவது மரத்தில் கட்டி உட்காரும் இருக்கையின், பட்டை அறுந்து விழுந்தவர்கள் உண்டு. ஆனால் நல்ல கயிறு, புதுக் கயிறு, நடுவில் அறுந்து ஆள் விழுந்ததாக எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் சொன்னதில்லை. அவர்கள் சொல்லும் கதைகளில் கயிறு முழுசாகத்தான் இருக்கிறது. ஒன்று, அது அந்த நேரத்தில் மரத்தில் மாட்டப்படாமல் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இல்லையென்றால் மாட்டியிருந்தும் தொளதொளவென்று இருந்தது.

முந்தைய பதிவுகளைப் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்குச் சுருக்கமாக: சாடில் என்பது இடுப்பையும் தொடையையும் சுற்றி மாட்டிக்கொள்ளும் பட்டை இருக்கை. அதன் இரண்டு பக்கத்தையும் முன்னால் ஒரு குட்டைக் கயிறு இணைக்கும், அதற்கு பிரிட்ஜ் என்று பெயர். மரத்தைச் சுற்றித் தலை உயரத்தில் கட்டுவது டெதர். டெதரின் தொங்கும் முனையில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய புருசிக் முடிச்சு, அதில் ஒரு காரபினர் (வாய் திறந்து மூடும் உலோக வளையம்), அது பிரிட்ஜில் மாட்டும். கால் ஒரு சின்ன பிளாட்ஃபார்மில். பின்னால் சாய்ந்தால் கயிறு இறுகி, மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்த மாதிரி தொங்கலாம். 20 அடி உயரத்தில், கையில் வில்லோடு, வெள்ளைவால் மானுக்காக மணிக்கணக்கில். மிச்சிகனின் ஜான் எபர்ஹார்ட் போன்றவர்கள் 1980-களிலிருந்தே இப்படித்தான் வேட்டையாடுகிறார்கள், ஆனால் கூட்டம் சேர்ந்தது கடந்த சில வருடங்களில்தான். நான் மான் வேட்டைக்குப் போவது மதுரையில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியும், மரத்தில் ஏறுவது தெரியாது. இரண்டில் எதற்கு அதிகம் திட்டு விழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் மரம்

கயிற்றைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் அதைக் கட்டும் மரத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயமில்லை. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு வட அமெரிக்காவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே டெட்ராய்ட் வட்டாரத்தில்தான், 2002-ல். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்தின் உணவோட்டத்தையே அறுத்துவிடும். இன்று தெற்கு மிச்சிகன் காடுகளில் செத்த ஆஷ் மரங்கள் நின்றபடியே இருக்கின்றன. கொடுமை என்னவென்றால், நேராக, கீழ்க்கிளை இல்லாமல், ஒரு கையில் அணைக்கிற பருமனில், சாடில்காரன் மனதில் நினைத்த மாதிரியே இருப்பவை அவைதான். இலையுதிர்காலத்தில் எல்லா மரமும் மொட்டையாக நிற்கும்போது செத்தது எது, உயிருள்ளது எது என்று தெரியாது, அதிலும் விடியாத இருட்டில். பட்டையில் ஆங்கில டி எழுத்து வடிவில் சின்ன ஓட்டைகள், மரங்கொத்தி கொத்தி உரித்த வெளுத்த திட்டுகள், இதெல்லாம் பகலில் கண்ணில் படும். செத்த ஆஷ் வளைந்து எச்சரித்துவிட்டு ஒடியாது, சடக்கென்று முறியும். எத்தனை ஆயிரம் பவுண்டு தாங்கும் கயிறாக இருந்தாலும் அப்போது மரத்தோடு சேர்ந்துதான் வரும். அதனால் மரத்தை ஆகஸ்டிலேயே, இலை இருக்கும்போதே பார்த்து வைத்துவிடுவேன்.

பட்டையும் முக்கியம். ஷாக்பார்க் ஹிக்கரியின் பட்டை ஓடு ஓடாகப் பெயர்ந்து நிற்கும், கயிறு அதில் மாட்டிக்கொண்டு நகராது. சில நேரம் அந்த ஓடே கையோடு வந்துவிடும். பீச் மரம் யானைத் தோல் மாதிரி வழவழப்பு. பனி பெய்த காலையில் பீச்சில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

லைன்மேன் கயிறு

ஏறும்போது இடுப்பின் இருபுறமும் மாட்டி மரத்தைச் சுற்றிப் போடுவது லைன்மேன் கயிறு. மின்கம்பத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. இரண்டு கையையும் விட்டுவிட்டு ஸ்டிக்கை, அதாவது மரத்தில் ஏறக் கால் வைக்கும் படியை, கட்டுவதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. பலரும் இதையே உயிர்க்காப்பாக நினைக்கிறார்கள், எனக்கு அதில்தான் சங்கடம். கால் வழுக்கினால் உங்கள் எடை நேர் கீழே போகிறது. லைன்மேன் கயிறோ மரத்தைக் கிடைமட்டமாகச் சுற்றியிருக்கிறது, அதைக் கீழே போகவிடாமல் தடுப்பது பட்டையின் உராய்வு மட்டும்தான். இறுக்கமாக இருந்தால், நீங்கள் பின்னால் சாய்ந்திருந்தால், பிடிக்கலாம். மரத்தை ஒட்டி நிமிர்ந்து நிற்கும்போது வழுக்கினால் கயிறும் நீங்களும் சேர்ந்து சறுக்குவீர்கள், முகமும் முழங்கையும் பட்டையில் தேய்ந்துகொண்டே. பக்கக் கிளை குறுக்கிட்டால் கயிற்றைக் கழற்றி மேலே போட வேண்டும், அந்த நேரத்தில் அதுவும் இல்லை.

மரம் வெட்டும் தொழிலாளர்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். அமெரிக்காவில் அவர்களுக்கான பாதுகாப்புத் தரம் ஆன்சி இசட்133. தரையை விட்ட நேரத்திலிருந்து எப்போதும் ஏதாவது ஒன்றில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கயிறு பொதுவாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், நிபந்தனைகளோடு 11 வரை இறங்கலாம், 5,400 பவுண்டாவது தாங்க வேண்டும். பொழுதுபோக்குக்கு ஏறும் எங்களுக்கு இது எதுவும் கட்டாயமில்லை. நாங்கள் அதில் பவுண்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, எப்போதும் கட்டப்பட்டிருப்பது என்ற பகுதியை வசதியாக மறந்துவிட்டோம். இப்போது சிலர் டெதரையும் கூடவே மேலே நகர்த்திக்கொண்டு ஏறுகிறார்கள்: டெதர் தலைக்கு மேல், லைன்மேன் இடுப்பில், ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்கும். ஏறுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், வேர்க்கும். நானும் அந்தக் கட்சிதான்.

பக்கத்து வீட்டு மேப்பிள்

இந்த நெருடல் எனக்குள் ஒரு உருவம் எடுத்தது ஒரு செப்டம்பர் சாயங்காலம். என்னை இதற்குள் இழுத்து வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அறுபதைத் தாண்டியவர், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வில் வேட்டைக்குப் போகிறவர். அக்டோபர் 1-ம் தேதி வில் பருவம் தொடங்கும் முன் அவர் வீட்டுப் பின்புற மேப்பிளில் ஒத்திகை பார்ப்பது வழக்கம். அன்று புது பிளாட்ஃபார்ம் ஒன்றைக் காட்டுவதற்காக ஏறினார், அதிக உயரமில்லை, அவர் பாதம் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. டெதர் மாட்டியிருந்தார். சாய்ந்து உட்கார்ந்து காட்டினார். அப்புறம் முழங்கால் வலிக்கிறது என்று நிமிர்ந்து, மரத்தைப் பார்த்து ஒரு அடி முன்னால் எடுத்துவைத்து, மரத்தில் தோளைச் சாய்த்தபடி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். நவம்பரில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் செய்வதுதான். அந்த நேரத்தில் பிரிட்ஜ் அவர் இடுப்புக்கு முன்னால் ஒரு மாலை மாதிரி வளைந்து தொங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிளாட்ஃபார்மை மரத்தோடு கட்டிய பட்டை முழுசாக இறுகவில்லை போல. எடை ஓரத்துக்கு மாறியதும் அது ஒரு பக்கமாக உதைத்துக்கொண்டு சுழன்றது.

அவர் விழுந்தது 2 அடிகூட இருக்காது. டெதர் பிடித்தது. பிடித்த வேகத்தில் உடம்பு மரத்தை நோக்கி ஊசலாடி, கன்னமும் விலாவும் போய் மோதின. "ணங்" என்று ஒரு சத்தம், நான் மரக்கிளை முறிந்ததோ என்று நினைத்தேன். ஓடிப்போய்க் காலைத் தாங்கிப் பிடித்தேன். மூச்சு திரும்பி வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "பார்த்தியா, கயிறு தாங்கிச்சு."

விலா எலும்பில் கீறல் என்றார்கள். அந்த அக்டோபர் முழுவதும் அவரால் வில்லை இழுக்க முடியவில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கயிற்றின் புகழ் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆறவில்லை. கயிறு தாங்கியது உண்மை. அவரைத் தாங்கியதா?

ஒரு தாளில் போட்ட கணக்கு

எனக்குச் சோறு போடுவது கார் சீட் பெல்ட். டெட்ராய்டைச் சுற்றியிருக்கும் தமிழர்கள் பலரைப் போல நானும் வண்டிக்குள் ஒரு சின்ன பாகத்தைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 கிலோ ஆள் 60 சென்டிமீட்டர் விழுகிறார். கயிறு, சாடில், சதை எல்லாம் சேர்ந்து அவரை 5 சென்டிமீட்டரில் நிறுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி விசையே சுமார் 10 கிலோநியூட்டன் வருகிறது, ஏறத்தாழ ஒரு டன் எடை. நிறுத்தும் தூரம் 10 சென்டிமீட்டர் என்றால் அது ஐந்தரையாகக் குறைகிறது. உச்ச விசை சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். இதில் எந்த எண்ணும் நல்ல டெதரை அறுக்காது. ஆனால் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா, முழு உடல் பட்டை அணிந்த தொழிலாளி விழும்போதுகூட அவர் மீது 1,800 பவுண்டுக்கு மேல், அதாவது 8 கிலோநியூட்டனுக்கு மேல் விசை வரக் கூடாது என்கிறது. இடுப்பு பெல்ட்டை விழுவதைத் தடுக்கும் கருவியாகப் பயன்படுத்துவதை 1998 ஜனவரி 1 முதல் அடியோடு நிறுத்திவிட்டது. சாடில் தொடையையும் பிடிக்கிறது என்பதால் வெறும் பெல்ட்டைவிட மேல்தான். ஆனாலும் அது சாய்ந்து வேலை செய்வதற்கான இருக்கை, விழுகிற ஆளைப் பிடிப்பதற்காகச் செய்த வலை கிடையாது.

காரில் மோதல் நடந்தவுடன் சீட் பெல்ட்டுக்குள் ஒரு சின்ன வெடிமருந்து வெடிக்கும். ஆள் முன்னால் பாயும் முன்பே, சில மில்லி விநாடிகளில், பெல்ட்டின் தொய்வை அது உள்ளே இழுத்துவிடும். அதன் பிறகு நெஞ்சின் மேல் விசை அளவுக்கு மீறினால் பெல்ட்டே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். பெல்ட் எத்தனை டன் தாங்கும் என்று எங்கள் கூட்டங்களில் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை, அது எப்போதோ தீர்ந்த விஷயம். வருடக்கணக்காக நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வது தொய்வை எடுப்பதிலும், பிறகு அளவாக விட்டுக்கொடுப்பதிலும்தான். டெதரில் இந்த இரண்டுமே இல்லை. பாறை ஏறுகிறவர்களின் கயிறு நீளும், அதில் விழலாம். டெதர் நீளாமல் இருப்பதற்கென்றே நெய்யப்பட்டது, நீண்டால் சாய்ந்து உட்காரும்போது ஊஞ்சலாடுமே. சரி, நீளும் கயிற்றையே போட்டுவிடலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். ஆளுக்கும் மரத்துக்கும் நடுவில் இருப்பது இரண்டு மூன்று அடிக் கயிறு. அவ்வளவு குட்டையான கயிறு நீண்டுதான் எவ்வளவு நீண்டுவிடும்? விழும் உயரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்துப் பார்ப்பது மலையேறிகளின் பழக்கம். விகிதம் ஒன்றைத் தொட்டாலே அடி பலம். 50 அடிக் கயிற்றில் 2 அடி விழுந்தால் சின்ன உலுக்கல். 2 அடிக் கயிற்றில் 2 அடி விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் விலா. ஆக, வெடிமருந்து செய்யும் வேலையை நாமேதான் செய்ய வேண்டியிருக்கிறது. நிமிர்ந்தால் உடனே புருசிக்கை மேலே தள்ளுவது. டெதரைத் தலைக்குக் கீழே இறங்கவிடாதது. அவ்வளவுதான், ஆனால் அதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

புருசிக்கும் சில சில்லறை விஷயங்களும்

கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-ல் அறிமுகப்படுத்திய முடிச்சு அது. எடை விழுந்தால் கவ்வும், எடை இல்லாவிட்டால் நகரும். சுற்றும் கயிறு முக்கியக் கயிற்றைவிட மெலிதாக இருந்தால்தான் கவ்வும். 11 மில்லிமீட்டர் கயிற்றில் 8 மில்லிமீட்டர் சுற்று நன்றாகப் பிடிக்கும். எடை குறைக்கிறேன் என்று டெதரையும் 8 ஆக்கிவிட்டு, அதே பழைய 8 மில்லிமீட்டர் சுற்றுக் கயிற்றையே போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; பிடிக்கிற மாதிரி தெரியும், ஒரு குலுக்கில் சறுக்கும். டைனீமாவில் புருசிக் கட்டுவது அதைவிட ஆபத்து. எடைக்கு எடை எஃகை மிஞ்சும் இழை, ஆனால் வழவழப்பானது, முடிச்சு நிற்காது, 150 டிகிரி செல்சியஸ் அருகே உருகியே விடும். உராய்வில் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை. புருசிக்குப் பதிலாக இயந்திரப் பிடிப்பான் வைத்திருப்பவர்கள் அதன் மேல் பொறித்திருக்கும் கயிற்று அளவை ஒரு முறையாவது படித்துவிடுங்கள். அப்புறம் டெதரின் கடைசி முனையில் ஒரு தடுப்பு முடிச்சு. அது இல்லாமல் இருட்டில் புருசிக்கைக் கீழே தள்ளித் தள்ளி முனைக்கே வந்துவிட்டால், அதைத் தாண்டி ஒன்றுமில்லை.

காரபினரும் பலம் பார்த்து வாங்கப்படுகிறது, மாட்டும் விதம் பார்க்கப்படுவதில்லை. நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும் அதே வளையம், வாய் திறந்திருந்தாலோ குறுக்கே திரும்பியிருந்தாலோ மூன்றில் ஒரு பங்கு அளவுதான் தாங்கும். அதன் உடம்பிலேயே மூன்று எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். நவம்பரில் தடித்த கையுறையும் பருத்த மேலாடையும் போட்டுக்கொண்டு மாட்டும்போது, துணியின் ஓரம் வாய்க்குள் சிக்கி அது முழுதாக மூடாமல் நிற்கும். கண்ணால் பார்ப்பதைவிட, கையுறையைக் கழற்றி விரலால் தடவி, அழுத்திப் பார்ப்பது மேல்.

இதெல்லாம் ஒன்றாக வந்து விழும் இடம் மேலே போய்ச் சேர்ந்த பிறகு லைன்மேனிலிருந்து டெதருக்கு மாறும் அந்த ஒரு நிமிடம். விடியவில்லை, மூச்சு வாங்குகிறது, கீழே எங்கோ சருகு சரசரக்கிறது, மான்தான் என்று மனசு சொல்கிறது. வரிசை எளிது: லைன்மேன் மாட்டியிருக்கும்போதே டெதரைத் தலைக்கு மேல் கட்டு, பிரிட்ஜில் மாட்டு, தொய்வை எடு, முழு எடையையும் அதில் போட்டு உட்கார்ந்து பார், அதற்குப் பிறகுதான் லைன்மேனைக் கழற்று. இறங்கும்போது இதையே தலைகீழாக. அவசரத்தில் எல்லாரும் விடுவது உட்கார்ந்து பார்க்கும் அந்தப் படியைத்தான்.

கயிறு பிடித்துவிட்ட பிறகு என்ன என்பதையும் யாரும் பேசுவதில்லை. காட்டில் தனியாக, கால் வைக்க இடமில்லாமல், அடிபட்டு அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டை இறுக்கி இரத்தம் காலிலேயே தங்க ஆரம்பிக்கும், வெகுநேரம் தொங்கினால் மயக்கம் வரும், அதற்கு மேலும் போகலாம். கடைசி ஸ்டிக்கை பிளாட்ஃபார்முக்குப் பக்கவாட்டில், கால் எட்டும் இடத்தில் வைப்பது இதற்காகத்தான். சாடில் பையில் ஒரு கால் வளையம் எப்போதும் கிடக்கும், புருசிக் போட்டுக் கட்டினால் அதில் ஏறி நின்று எடையைக் குறைக்கலாம். இதை முழங்கால் உயரத்தில் வீட்டு மரத்தில் செய்து பழகாதவர் 20 அடியில் செய்துவிடுவார் என்று நான் நம்பவில்லை. எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று மனைவியின் ஃபோனுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

கயிற்றைக் காட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், அணில் கடிக்கும். அம்பு முனை சவரக்கத்திக்குச் சமம், வில்லைத் தனிச் சரடில் மேலே இழுக்கும்போது அம்புகள் மூடிய கூட்டுக்குள் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு விலா சரியாகிவிட்டது, வாதம் மட்டும் தீரவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வலது கைக்காரர் மரத்தைப் பார்த்துத் தொங்கும்போது இடது பக்கம் வரும் மான் சுலபம். வலது பக்கம் வந்தால் உடம்பை மரத்தைச் சுற்றித் திருப்ப வேண்டும், அதற்குக் கயிறு கொஞ்சம் தளர வேண்டும். "நீ புருசிக்கைத் தள்ளிக்கிட்டு இரு, மான் உன்னைப் பார்த்துட்டு அடுத்த கவுண்ட்டிக்குப் போயிடும்" என்கிறார். உண்மைதான், அந்த ஒரு கையசைவு பல மான்களை எனக்கு இல்லாமல் செய்திருக்கிறது. வலது பக்கம் நெருங்கி வந்துவிட்ட மானை நான் இப்போது விட்டுவிடுகிறேன். அவர் விடுவதில்லை. ஆனால் போன பருவத்தில் பக்கத்துப் பக்கத்து மரங்களில் தொங்கியபோது பார்த்தேன், திரும்புவதற்கு முன்னால் அவர் கையும் புருசிக்குக்குப் போகிறது. கேட்டால், கயிறு பழசாகிவிட்டது, அதுவாகவே சறுக்குகிறது, சரிசெய்தேன் என்கிறார்.